ஏஐ உதவியாளருக்கு உங்கள் தரவுத்தளம் தெரியுமா?

வஹகோட்டைக் காய்கறிக் கணக்கில் ஒரு செய்முறைச் சோதனை

கோட் எழுத உதவும் ஏஐ கருவிகளைப் பற்றிப் பேச்செடுத்தால் "எந்த மொடல் நல்லது?" என்ற கேள்விதான் முதலில் வருகிறது. தரவுத்தளத்தோடு வேலை செய்பவர்கள் அதற்கு முன் இன்னொன்றைக் கேட்க வேண்டும்: அந்த மொடலுக்கு நம் தரவுத்தளத்தைப் பற்றி நாம் என்ன சொல்லியிருக்கிறோம்? வஹகோட்டையில் அன்றாடம் புழங்கும் ஒரு காய்கறிக் கொள்முதல் கணக்கின் பிரதியை வைத்து இதைச் சோதித்தேன். உதவியாளரையும் கேள்விகளையும் மாற்றவில்லை. அதற்குக் கொடுத்த தகவலை மட்டும் படிப்படியாகக் கூட்டினேன். ஒவ்வொரு படியிலும் பதில் எப்படி மாறியது, அதற்கு எவ்வளவு உழைப்பு தேவை, ஆபத்து எங்கே இருக்கிறது என்பவற்றை இங்கே எழுதுகிறேன்.

கருவியின் பெயரை வேண்டுமென்றே தவிர்க்கிறேன். மொடல்கள் சில மாதங்களுக்கொரு முறை மாறுகின்றன. இங்கே சொல்லும் படிகளோ கிட்ஹப் கோபைலட், கேர்சர், கிளாட் கோட் என்று எதைப் பயன்படுத்தினாலும் பொருந்தும். புரொஜெக்ட் கோப்புறையில் நாம் எழுதிவைக்கும் அறிவுறுத்தல் கோப்பை இவை எல்லாமே படிக்கும்.

சோதனைக்கு எடுத்த தரவுத்தளம்

மாத்தளை மாவட்டத்தில் கலேவெலவுக்கு அருகே இருக்கிறது வஹகோட்டை. புனித அந்தோனியார் திருத்தலத்தால் நாடறிந்த ஊர். கண்டி மன்னர் காலத்தில் குடியமர்த்தப்பட்ட போர்த்துக்கேயரின் வழிவந்தவர்கள் என்று தங்களைச் சொல்லிக்கொள்ளும் கத்தோலிக்கக் குடும்பங்கள் இங்கே வாழ்கின்றன. வட்டாரத்தின் முக்கியமான பிழைப்பு விவசாயம். விளைச்சலில் பெரும்பகுதி தம்புள்ளை விசேட பொருளாதார மத்திய நிலையத்துக்குப் போகிறது.

நான் எடுத்துக்கொண்டது ஒரு சிறிய கொள்முதல் நிலையத்தின் கணக்கு. விவசாயிகள் போஞ்சி, கத்தரிக்காய், கறிமிளகாய், பெரிய வெங்காயம் என்று மூட்டை மூட்டையாகக் கொண்டுவருவார்கள். எடை போட்டுப் பில் கொடுப்பார்கள். இரவோடு இரவாக லொறி தம்புள்ளைக்குப் போகும். விற்றபின் தரகும், விதைக்கும் உரத்துக்கும் வாங்கிய முற்பணமும் கழித்து மிச்சக் காசு விவசாயிக்குப் போகும். இத்தனையும் ஒரு போஸ்ட்கிரஸ் தரவுத்தளத்தில் இருக்கிறது. காலப்போக்கில் பலர் கைபட்டு வளர்ந்த மென்பொருள் அது. முதலாளியின் சம்மதத்தோடு பிரதி எடுத்து, பெயர், அடையாள அட்டை இலக்கம், தொலைபேசி எண் எல்லாவற்றையும், வடிவமும் ஒன்றோடொன்றின் பொருத்தமும் கெடாத போலிகளாக மாற்றிய பின்னரே கருவியின் முன் வைத்தேன்.

உதவியாளரிடம் கேட்டவை:

- கடந்த பெரும்போகத்தில் ஒவ்வொரு விவசாயிக்கும் இன்னும் கொடுக்கவேண்டிய தொகை எவ்வளவு?
- நேற்றைய கொள்முதலைப் பயிர்வாரியாகத் தொகுத்துக் கொடு.
- ஒரே ஆள் இரண்டு முறை பதியப்பட்டிருந்தால் கண்டுபிடி.
- மெதுவாக ஓடும் மாத அறிக்கையை வேகப்படுத்து.

ஒன்றும் சொல்லாமல் கேட்டபோது

எந்தத் தகவலும் கொடுக்காமல் கேட்டால் கருவி பொதுவான ஒரு கடையை மனதில் வைத்துக்கொண்டு எழுதுகிறது. வாடிக்கையாளர், ஓர்டர், தொகை என்று தானே அட்டவணைகளைக் கற்பித்துக்கொள்கிறது. எஸ்கியூஎல் இலக்கணம் சுத்தமாக இருக்கிறது. அப்படி ஒரு அட்டவணைதான் நம்மிடம் இல்லை. சில இடங்களில் மைஎஸ்கியூஎல் எழுத்துமுறையும் கலந்துவிடுகிறது. எந்த மென்பொருள், எந்தப் பதிப்பு என்று ஒரு வரி எழுதினாலே இந்தக் குழப்பம் பெரிதும் குறைகிறது. உதாரணமாக, மேர்ஜ் கட்டளை போஸ்ட்கிரஸுக்கு வந்தது 15ஆம் பதிப்பில், 2022இல்தான். பழைய பதிப்பு ஓடும் இடத்தில் அதைப் பரிந்துரைத்தால் பயனில்லை.

இந்த நிலையில் வரும் தவறுகளால் பெரிய சேதம் இல்லை. வினவல் ஓடவே ஓடாது என்பதால் தவறு உடனே கண்ணில் படும்.

முதற்படி: கட்டமைப்பைக் கொடுத்தல்

பிஜி-டம்ப் கருவியில் தரவைத் தவிர்த்து அமைப்பை மட்டும் எடுக்கும் வசதி இருக்கிறது. அட்டவணைகள், புலங்கள், அவற்றின் வகைகள், முதன்மைச் சாவி, அன்னியச் சாவி, இன்டெக்ஸ்கள் எல்லாம் ஒரே கோப்பில் வந்துவிடும். அந்தக் கோப்பைப் புரொஜெக்டில் வைத்து, "வினவல் எழுதுமுன் இதைப் படி" என்று அறிவுறுத்தல் கோப்பில் எழுதினேன்.

கற்பனை அட்டவணைகள் மறைந்தன. அன்னியச் சாவி இருந்த இடங்களில் இணைப்புகள் பிசகவில்லை. எழுதிய வினவல்கள் ஓடின. ஆபத்தும் இங்கேதான் தொடங்குகிறது. ஓடியவற்றுள் பல தவறான தொகையைக் கொடுத்தன.

இந்தத் தரவுத்தளத்தில் பணம் சதக் கணக்கில் முழு எண்ணாகச் சேமிக்கப்படுகிறது. புலத்தின் பெயரோ வகையோ அதைச் சொல்வதில்லை. ஆகவே பதில் நூறு மடங்கு பெருத்து வந்தது. இதையாவது பார்த்தவுடன் பிடித்துவிடலாம். மற்றவை அப்படியல்ல. நிலை என்ற புலத்தில் 1, 2, 3, 9 என்று எண்கள் மட்டும் இருக்கின்றன. 9 என்பது ரத்துச் செய்த பில். கருவி அதையும் கூட்டிக்கொண்டது. பெரும்போகத்தை 2024ஆம் ஆண்டு, 2025ஆம் ஆண்டு என்று நாட்காட்டிப்படி இரண்டாக வெட்டியது. பெரும்போகம் ஒக்டோபர் வாக்கில் தொடங்கி அடுத்த ஆண்டு மார்ச் வரை போகும் என்பது இங்கே சின்னப் பிள்ளைக்கும் தெரியும். கட்டமைப்புக் கோப்பில் அது எங்கும் எழுதப்படவில்லை. முற்பணம் தனி அட்டவணையில் இருப்பதால், கொடுக்கவேண்டிய தொகையில் அதைக் கழிக்கவும் இல்லை.

"நேற்றைய கொள்முதல்" இன்னும் நுட்பமான பிழை. நேரம் உலகப் பொது நேரத்தில் பதிவாகிறது. இலங்கை நேரம் அதைவிட ஐந்தரை மணி முந்தியது. அதிகாலை 3 மணிக்கு எடை போட்ட மூட்டை, தரவுத்தளத்தில் முந்தைய நாள் இரவு 9.30 என்று இருக்கும். நள்ளிரவு முதல் காலை 5.30 வரை நடந்த வியாபாரம் முழுவதும் ஒருநாள் பின்தள்ளிப் போகிறது. பகலில் மட்டும் திறந்திருக்கும் கடையில் இந்தப் பிழை வெளிப்படவே வெளிப்படாது. இரவில் இயங்கும் காய்கறிச் சந்தையில் தினமும் கணக்கைக் கெடுக்கும்.

கட்டமைப்பை மட்டும் கொடுத்துவிட்டு நிறுத்துவது நல்லதல்ல என்பது என் உறுதியான கருத்து. பிழைச் செய்தி வராது, தொகையும் நம்பும்படியாகவே இருக்கும். விவசாயியின் கையில் போகும் காசு மட்டும் தப்பாக இருக்கும்.

இந்தப் படியில் கற்ற இன்னொரு பாடம், கட்டுப்பாடுகளும் தகவல்தான். அன்னியச் சாவி இல்லாத பழைய அட்டவணை ஒன்றை ஊர்ப் பெயரை வைத்து இணைக்கப் பார்த்தது கருவி. ஊர்ப் பெயரோ ஒவ்வொருவர் கையிலும் ஒவ்வொரு விதமாக எழுதப்பட்டிருந்தது. அன்னியச் சாவி ஒன்றைச் சேர்த்ததும் பிரச்சினை தீர்ந்தது. நிலைக்கு வெறும் எண்ணுக்குப் பதில் பெயருள்ள மதிப்புகளை வைத்தாலும், எதிர்மறை எடையைத் தடுக்கும் செக் விதியைப் போட்டாலும் கட்டமைப்பே தன்னைப் பற்றிக் கூடுதலாகச் சொல்லத் தொடங்கும்.

இரண்டாம் படி: பொருளை எழுதிவைத்தல்

அடுத்த படிக்குக் கணினி தேவைப்படவில்லை. நிலையத்தில் ஆரம்பத்திலிருந்தே கணக்கு எழுதும் அக்காவின் பக்கத்தில் உட்கார்ந்து, ஒவ்வொரு அட்டவணையாகக் கேட்டேன்.

"இந்த ஒம்பது என்னக்கா?"

"ஒம்பதுன்னா அந்த பில் செல்லாது தம்பி. ஆனா அழிக்க மாட்டோம். யாராவது பில்லைத் தூக்கிட்டு வந்து கேட்டா காட்டணுமே."

"எடை ரெண்டு இருக்கே?"

"ஒண்ணு சாக்கோட. மத்தது சாக்கு கழிச்சு. காசு குடுக்கிறது கழிச்ச எடைக்குத்தான்."

ஓரிரு வாக்கியத்தில் முடியும் விளக்கங்கள்தான். இவை அந்த அக்காவின் நினைவில் மட்டும் இருந்தன. மென்பொருளை முதலில் எழுதியவர் எப்போதோ போய்விட்டார். போஸ்ட்கிரஸில் ஒவ்வொரு அட்டவணைக்கும் புலத்துக்கும் குறிப்பு எழுதிவைக்கக் கமென்ட் என்ற கட்டளை இருக்கிறது. எழுதிய குறிப்பு தரவுத்தளத்துக்குள்ளேயே தங்கும். அமைப்பைப் பிரதியெடுத்தால் அதோடு சேர்ந்து வரும். மைஎஸ்கியூஎல்லில் அட்டவணையை உருவாக்கும் கட்டளையிலேயே குறிப்பு எழுத இடமுண்டு. எஸ்கியூலைட்டில் தனி வசதி இல்லை. ஆனாலும் அட்டவணையை உருவாக்கிய கட்டளை எழுதியபடியே சேமிக்கப்படுவதால், அதற்குள் எழுதிய குறிப்பும் கூடவே இருக்கும்.

புலக் குறிப்பில் அடங்காத விதிகளை ஒரு சிறிய கோப்பில் தொகுத்தேன்:

- பணம் எல்லாம் சதத்தில். காட்டும்போது மட்டும் 100ஆல் வகுக்கவும்.
- நிலை 9 உள்ள பில்களை எந்தக் கூட்டலிலும் சேர்க்காதே.
- நாள் என்றால் கொழும்பு நேரப்படி நாள்.
- பெரும்போகம், சிறுபோகம் தொடங்கும் திகதியும் முடியும் திகதியும் போக அட்டவணையில் உள்ளன. நாட்காட்டி ஆண்டால் பிரிக்காதே.
- கொடுக்கவேண்டிய தொகை = கழித்த எடை × விலை, அதிலிருந்து தரகும் மிச்ச முற்பணமும் கழித்தது.
- திருவிழா நாட்களில் கொள்முதல் இல்லை. அந்த நாட்களில் பதிவு இல்லாதது பிழையல்ல.

இவற்றோடு, அக்கா கையால் கணக்குப் பார்த்துச் சரி என்று சொன்ன சில வினவல்களையும் மாதிரியாக வைத்தேன். இந்த மாதிரிகள் விதிகளைவிட அதிகம் உதவின. முற்பணத்தை எந்த வரிசையில் கழிப்பது என்று எழுத்தில் விளக்கியபோது தடுமாறிய கருவி, ஒரு சரியான வினவலைக் கண்டதும் அதே பாணியைப் பிடித்துக்கொண்டது.

சோதனை முழுவதிலும் மிகப் பெரிய முன்னேற்றம் இங்கேதான் வந்தது. போகக் கணக்கு, நேற்றைய கணக்கு இரண்டும் அக்காவின் பேரேட்டோடு ஒத்துப்போயின. இது என் ஒரு களத்தில் மட்டும் கண்ட விஷயமும் இல்லை. மனிதர் கேட்கும் கேள்வியை எஸ்கியூஎல்லாக மாற்றும் திறனை அளக்க 2023இல் பேர்ட் என்ற அளவுகோல் வெளியானது. 95 தரவுத்தளங்கள், 12,751 கேள்விகள். ஒவ்வொரு கேள்விக்கும் அந்தத் துறை சார்ந்த ஒரு விளக்கக் குறிப்பு தரலாம், தராமலும் விடலாம். ஜிபிடி-4 குறிப்பில்லாமல் 34.88 சதவீதம் சரியாகச் செய்தது. அதே ஜிபிடி-4 குறிப்போடு 54.89 சதவீதத்தை எட்டியது. மனிதர்கள் எட்டியது 92.96. மொடல்கள் அதன்பின் வெகுதூரம் வந்துவிட்டன. ஆனாலும் மொடலை மாற்றாமல், குறிப்பு மட்டும் சேர்த்ததால் இருபது புள்ளி உயர்ந்தது என்பதை மனதில் வைத்துக்கொள்ள வேண்டும்.

பெரிய அமைப்புகளில் இந்தத் தேவை இன்னும் கூடும். இலங்கைச் சுகாதாரத் துறை 2020 தொடக்கத்தில் கொவிட் கண்காணிப்புக்கு எடுத்துக்கொண்ட டிஎச்ஐஎஸ்2 மென்பொருளும் போஸ்ட்கிரஸ் மீதுதான் நிற்கிறது. உலகின் எந்த நாட்டுக்கும், எந்த நோய்க்கும் பொருந்த வேண்டும் என்பதற்காக அதன் அட்டவணைகள் பொதுப்படையாக வடிவமைக்கப்பட்டவை. ஒரு தரவுக்கூறின் எண், காலத்தின் எண், இடத்தின் எண், அதற்கான மதிப்பு என்றுதான் பதிவுகள் கிடக்கும். அந்த எண் காய்ச்சல் நோயாளிகளின் தொகையா, தடுப்பூசியின் தொகையா என்பது வேறோர் அட்டவணையில் விளக்கமாக இருக்கும். அமைப்பைவிட விளக்கம் முக்கியம் என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் தேட வேண்டியதில்லை.

ஓர் எச்சரிக்கை: விதிக் கோப்பை நீட்டிக்கொண்டே போகக் கூடாது. கோப்பு பெருத்தபோது கருவி சில விதிகளைக் கவனிக்காமல் விட்டது. எல்லா வினவலுக்கும் பொருந்தும் விதிகளை மட்டும் கோப்பில் வைத்து, ஓர் அட்டவணைக்கு மட்டும் உரியதை அந்த அட்டவணையின் குறிப்பிலேயே எழுதுவது நல்லது.

மூன்றாம் படி: நேரடி இணைப்பு

இப்போது பலரும் பேசுவது எம்சிபி பற்றி. மொடல் கொன்டெக்ஸ்ட் புரொட்டோகோல் என்பது முழுப்பெயர். அந்த்ரோபிக் நிறுவனம் 2024 நவம்பரில் வெளியிட்ட திறந்த நெறிமுறை. 2025இல் ஓபன்ஏஐயும் ஏற்றுக்கொண்டது. தரவுத்தளத்துக்கும் உதவியாளருக்கும் நடுவே ஒரு சிறிய சேர்வர் ஓடும். உதவியாளர் அதன் வழியாக அட்டவணைகளைப் பார்க்கும், வினவலை ஓட்டிப் பார்க்கும், பிழை வந்தால் தானே திருத்திக்கொள்ளும்.

இதில் இரண்டு நன்மைகளைக் கண்டேன். முதலாவது, தகவல் பழையதாவதில்லை. கோப்பாக எடுத்துவைத்த கட்டமைப்பு, புதிதாக ஒரு புலம் சேர்த்த அன்றே பொய்யாகிவிடும். நேரடி இணைப்பில் கருவி பார்ப்பது இன்றைய நிலையை. இரண்டாவது, கருவி தரவின் முகத்தைப் பார்க்கிறது. இரட்டைப் பதிவுகளைத் தேடச் சொன்னபோது இது நன்றாக வெளிப்பட்டது. அடையாள அட்டை இலக்கப் புலத்தில் இரண்டு வடிவங்கள் கலந்திருப்பதை அதுவே கண்டுகொண்டது. பழையது ஒன்பது இலக்கமும் கடைசியில் வீ அல்லது எக்ஸ் எழுத்தும். 2016 முதல் வந்த புதியது பன்னிரண்டு இலக்கம். பழைய இலக்கத்தின் முன்னே 19 சேர்த்து, பிறந்த நாளைக் குறிக்கும் பகுதிக்குப் பின் ஒரு பூச்சியம் இட்டு, கடைசி எழுத்தை எடுத்துவிட்டால் புதிய இலக்கம் கிடைக்கும். இந்த விதியைக் குறிப்பில் எழுதியதும், புதிய அட்டை எடுத்ததால் இரண்டாம் முறை பதியப்பட்ட விவசாயிகளைக் கருவி சரியாகப் பொருத்தியது. பெயரை வைத்துப் பொருத்தியிருந்தால் தவறாகியிருக்கும். பெரேரா, சில்வா, பெர்னாண்டோ எல்லாம் ஒரே ஊரில் பல வீடுகளுக்கும் உரிய பெயர்கள்.

நேரடி இணைப்பால் மட்டும் பொருள் வந்துவிடாது. குறிப்புகளை எடுத்துவிட்டு எம்சிபி இணைப்போடு மட்டும் கேட்டபோது, ரத்தான பில்கள் மறுபடி கூட்டலுக்குள் வந்தன. தரவில் 9 என்ற எண் இருப்பதைக் கருவி பார்த்தது. அது எதைக் குறிக்கிறது என்று யூகிக்க மட்டுமே முடிந்தது. போஸ்ட்கிரஸில் இன்னொரு சிக்கலும் உண்டு. கருவிகள் வழக்கமாகப் பார்க்கும் இன்ஃபர்மேஷன் ஸ்கீமாவில் நாம் எழுதிய குறிப்புகள் தெரியாது. அவை பிஜி-டிஸ்கிரிப்ஷன் என்ற உள் அட்டவணையில் இருக்கின்றன. ஆகவே அட்டவணைப் பெயர், புலப் பெயர், குறிப்பு மூன்றையும் சேர்த்துக் காட்டும் ஒரு வியூ செய்து, "முதலில் இதைப் படி" என்று அறிவுறுத்தினேன். குறைந்த வேலையில் நிறைந்த பலன் தந்தது அதுதான்.

வேகம் கூட்ட என்ன கொடுக்க வேண்டும்?

மாத அறிக்கை மெதுவாக ஓடுகிறது என்று மட்டும் சொன்னால், கண்ணில் படும் புலத்துக்கெல்லாம் இன்டெக்ஸ் போடச் சொல்கிறது கருவி. எழுதும் வேகத்தை அது குறைக்கும். பயன் இருக்கிறதா என்றும் தெரியாது. வினவல் ஓடும் விதத்தைக் காட்டும் எக்ஸ்பிளெய்ன் அனலைஸ் கட்டளை கொடுத்த திட்டத்தையும் அட்டவணைகளின் உத்தேசப் பதிவு எண்ணிக்கையையும் சேர்த்துக் கொடுத்ததும் பேச்சு மாறியது. திகதிப் புலத்தில் இன்டெக்ஸ் ஏற்கெனவே இருந்தது. கொழும்பு நேரத்துக்கு மாற்றும் கணக்கை அந்தப் புலத்தின் மீதே செய்ததால் இன்டெக்ஸ் பயன்படாமல் போயிருந்தது. மாதத்தின் தொடக்கத்தையும் முடிவையும் உலகப் பொது நேரத்துக்கு மாற்றி, அந்த எல்லைக்குள் தேடச் சொன்னது கருவி. அறிக்கை உடனே வேகமெடுத்தது.

எக்ஸ்பிளெய்னோடு அனலைஸ் சேர்த்தால் வினவல் உண்மையிலேயே ஓடும் என்பதை மறக்க வேண்டாம். அழிக்கும், மாற்றும் கட்டளைகளைப் பிரதியில் மட்டும் இப்படிச் சோதியுங்கள்.

தமிழ்த் தரவு வைத்திருப்பவர்கள் சொல்லவேண்டியவை

கருவி தானாக நினைத்துப் பார்க்காத சில விஷயங்கள் தமிழில் உண்டு.

பெயர்களை அகரவரிசைப்படுத்துவது முதலாவது. யூனிகோட் எண் வரிசையில் ன என்பது ந-வுக்கு அடுத்து வருகிறது. ஆகவே எண் வரிசைப்படி அடுக்கினால் வனஜா, வரதன், வள்ளி என்று வரும். தமிழ் நெடுங்கணக்குப்படி வரதன், வள்ளி, வனஜா என்றுதான் வர வேண்டும். போஸ்ட்கிரஸ் 10ஆம் பதிப்பிலிருந்து ஐசியு கொலேஷன்களை, அதாவது மொழிவாரி வரிசை விதிகளை, ஏற்கிறது. அவற்றில் தமிழுக்கு உரியதைப் பயன்படுத்து என்று ஒரு வரி எழுதினால் போதும்.

இரண்டாவது, ஒரே எழுத்து இரண்டு விதமாகச் சேமிக்கப்படுவது. போஞ்சி என்பதில் வரும் ஓகாரக் குறியை ஒரே குறியாகவும் சேமிக்கலாம்; ஏகாரக் குறி, கால் என்று இரண்டாகவும் சேமிக்கலாம். திரையில் வித்தியாசம் தெரியாது. கணினிக்கு அவை இரண்டு பயிர்கள். பழைய எழுத்துருக்களிலிருந்து மாற்றிய தரவில் இதை எதிர்பார்க்க வேண்டும். போஸ்ட்கிரஸ் 13இல் வந்த நார்மலைஸ் செயற்பாடு இதைத் தீர்க்கும். "ஒப்பிடுமுன் நார்மலைஸ் செய்" என்று விதிக் கோப்பில் எழுதியதும் இரண்டு வரியாகப் பிரிந்திருந்த போஞ்சிக் கணக்கு ஒன்றானது.

மூன்றாவது, இடப்பெயர். சிங்களத்திலும் தமிழிலும் ஆங்கிலத்திலும் ஓர் ஊரின் பெயர் பல எழுத்தில் வரும். நாட்டில் 14,022 கிராம உத்தியோகத்தர் பிரிவுகள் இருக்கின்றன. ஊரைத் தொகுக்க அந்தப் பிரிவின் குறியீட்டைப் பயன்படுத்தச் சொல்லுங்கள். பெயரைக் காட்டுவதற்கு மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்.

குறிப்புகளைத் தமிழில் எழுதலாமா என்று கேட்பவர்களுக்கு: தாராளமாக எழுதலாம். நான் தமிழில் எழுதியவற்றைக் கருவி சரியாகவே புரிந்துகொண்டது. அதே விஷயத்துக்குத் தமிழ் எழுத்து ஆங்கிலத்தைவிட அதிக டோக்கன் எடுக்கும் என்பதால் செலவு கொஞ்சம் கூடும். கணக்கு எழுதுபவரே படித்துத் திருத்தக்கூடிய மொழியில் குறிப்பு இருப்பதற்கு அந்தச் செலவு தகும்.

பாதுகாப்பில் விட்டுக்கொடுக்க வேண்டாம்

உண்மையான தரவுத்தளத்தை உதவியாளரிடம் திறந்துவிடுவது பெரிய முடிவு. 2025 ஜூலையில் ரெப்லிட் நிறுவனத்தின் ஏஐ ஏஜென்ட், எதையும் மாற்றக் கூடாது என்ற அறிவுறுத்தலை மீறி, தொழில்முனைவர் ஜேசன் லெம்கினின் புழக்கத்தில் இருந்த தரவுத்தளத்தை அழித்தது. நிறுவனத் தலைவர் அம்ஜத் மசாத் பகிரங்கமாக மன்னிப்புக் கேட்டார். எழுத்தில் சொன்ன தடை ஒரு பூட்டுக்கு ஈடாகாது என்று உலகுக்குக் காட்டிய சம்பவம் அது.

எம்சிபி அறிமுகமானபோது மாதிரியாகக் கொடுக்கப்பட்ட போஸ்ட்கிரஸ் சேர்வரிலும் ஓட்டை இருந்தது. வாசிக்க மட்டுமே அனுமதிக்கும் டிரான்ஸாக்ஷனுக்குள் அது வினவலை ஓட்டியது. வினவலுக்குள் ஒரு கொமிட் கட்டளையைச் செருகி அந்தக் காவலை முடித்துவிட்டு, அடுத்த கட்டளையில் எழுதவும் அழிக்கவும் முடியும் என்று டேட்டாடாக் நிறுவனத்தின் பாதுகாப்பு ஆய்வாளர்கள் 2025இல் காட்டினார்கள். ஆகவே காவல் தரவுத்தளத்தின் பக்கம் இருக்க வேண்டும்:

- உதவியாளருக்கென்று தனிப் பயனர். தேவையான அட்டவணைகளுக்கு வாசிக்கும் உரிமை மட்டும்.
- இணைப்பு பிரதிக்கு; புழக்கத்தில் உள்ள தரவுத்தளத்துக்கு வேண்டாம்.
- ஒரு வினவல் எவ்வளவு நேரம் ஓடலாம் என்பதற்கு வரம்பு.
- பெயர், அடையாள அட்டை, தொலைபேசி புலங்களை மறைத்த வியூக்கள்.
- அட்டவணை மாற்றங்களை எழுத விடலாம், ஓட்டுவது மனிதர்.

அதிகம் பேர் கவனிக்காத ஒன்று: போஸ்ட்கிரஸின் பிஜி-ஸ்டாட்ஸ் என்ற புள்ளிவிவர வியூவில் அடிக்கடி வரும் மதிப்புகள் அப்படியே இருக்கும். தரவைக் கொடுக்கவில்லை என்று நினைத்து அதைப் பகிர்ந்தால் ஆட்களின் விவரம் வெளியே போகலாம். இலங்கையில் 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் வந்துவிட்டது. இந்தியாவில் 2023இல் அதற்கான சட்டம் நிறைவேறியது. சட்டம் ஒருபுறம் இருக்கட்டும். யார் எவ்வளவு முற்பணம் வாங்கினார் என்பது ஒரு சிற்றூரில் மானப் பிரச்சினை. அந்தத் தகவலைக் காப்பது நம் கடமை.

தீர்ப்பு

எம்சிபி இணைப்பு வசதியானது. அடிக்கடி மாறும் தரவுத்தளத்துக்கும், பல அட்டவணைகளோடு தினமும் வேலை செய்பவர்களுக்கும் தாராளமாகப் பரிந்துரைப்பேன். மேலே சொன்ன காவல்கள் இருந்தால் மட்டும். சிறிய நிறுவனங்களுக்கு அது கட்டாயமில்லை. குறிப்புகளோடு எடுத்த கட்டமைப்புக் கோப்பும் ஒரு பக்க விதிக் கோப்பும் சரிபார்த்த சில வினவல்களும் அவர்கள் தேவையில் பெரும்பகுதியை நிறைவேற்றிவிடும். இதற்குப் புதிதாகப் பணம் கட்டத் தேவையில்லை. தரவு ஒரு வரிகூட வெளியே போகாது.

கட்டமைப்பை மட்டும் கொடுத்துவிட்டு வரும் பதிலை நம்புவதை நான் யாருக்கும் பரிந்துரைக்க மாட்டேன். முழுத் தகவலும் கொடுத்தபின்னும் பணம் கைமாறும் எந்தக் கணக்கையும் ஒரு முறையாவது பேரேட்டோடு ஒப்பிட வேண்டும்.

எங்கே தொடங்குவது என்று கேட்டால், கருவியை இன்னும் நிறுவாமலே தொடங்கலாம். உங்கள் நிறுவனத்தில் கணக்கை மனதில் வைத்திருக்கும் ஆள் யார் என்று பாருங்கள். அதிகம் புழங்கும் அட்டவணையை அவர் முன் திறந்துவைத்து ஒவ்வொரு புலத்தையும் கேளுங்கள். அவர் சொல்வதை அவர் சொன்னபடியே கமென்டாக எழுதுங்கள். அடுத்த ஆண்டு மொடல் மாறலாம், உதவியாளரின் பெயரும் மாறலாம். அந்தக் குறிப்புகளைப் புதிய கருவியும் படிக்கும், நாளை வேலைக்குச் சேரும் பிள்ளையும் படிக்கும். ஏஐ வராவிட்டாலும் செய்திருக்க வேண்டிய வேலை இது. இத்தனை நாள் தள்ளிப்போட்டதற்கு இனிக் காரணம் இல்லை.